சாவியும் பத்திரமும்

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில், வேலைக்குப் போகும் ஒருவர் வைத்தியரின் சீட்டை மருந்துக்கடையில் நீட்டி, கட்டணம் ஏதுமின்றி மருந்தைப் பெற்றுக்கொண்டு போகிறார். அதே மன்னரின் ஆட்சிக்குட்பட்ட இங்கிலாந்தில், அவரைப் போன்ற ஒருவர் பெரும்பாலும் ஒவ்வொரு மருந்துக்கும் கட்டணம் செலுத்துகிறார். ஒரே ராஜ்யத்தில் ஏன் இந்த வித்தியாசம்?

1997-ல் நடந்த வாக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்கள் சம்மதம் தெரிவித்ததன் பயனாக, 1999-ல் அவர்களுக்கென்று தனிப் பார்லிமெண்டு கூடியது. ராணுவம், அந்நிய நாட்டு விவகாரம், நாணயம் முதலியவை லண்டனுக்கு உரியவை என்று சட்டம் குறித்துவைத்தது. குறிக்காத விஷயங்களெல்லாம் எடின்பரோவுக்கு உரியவை. வைத்தியமும் கல்வியும் அவ்விதம் வந்தவையே.

குடும்பத்துப் பெரியவர் வீட்டுப் பத்திரத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, உக்கிராண அறையின் சாவியை மருமகளிடம் ஒப்படைப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும். சாவி எடின்பரோவில், பத்திரம் லண்டனில்.

ஆகவே, ஸ்காட்லாந்துக்கு எந்தச் சட்டத்தையும் இயற்றும் அதிகாரம் லண்டன் பார்லிமெண்டுக்கு இன்றும் உண்டு. ஆயினும், ஒப்படைத்த விஷயங்களில் எடின்பரோவின் சம்மதமின்றிச் சாதாரணமாகச் சட்டம் செய்வதில்லை என்பது சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டிலும் எழுதிவைத்தது. எனினும், நீதிமன்றத்தில் வழக்காடி நிலைநாட்டக்கூடிய உரிமையாக அது ஆகிவிடவில்லை.

சாவி ஒருவரிடமும் பத்திரம் மற்றொருவரிடமும் இருக்கும் ஏற்பாட்டில், சட்டத்தைக் காட்டிலும் பரஸ்பர மரியாதையே பெரிய காவல். கொடுத்ததை மதிப்பதே கொடுத்தவருக்குக் கௌரவம்.