படிவம் ஒன்றுக்கு முன்னால்



மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை அடுத்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறது. படிவம் ஒன்றில் அதன் கைக்கு வரும் வரலாற்றுப் புத்தகமும் புவியியல் புத்தகமும் மலாயில் இருக்கும். அறிவியலும் கணிதமும் மலாயில், சில பள்ளிகளில் ஆங்கிலத்தில். மலாய்மொழி போதாத பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு உட்கார வேண்டும். தமிழை ஒரு பாடமாகத் தொடர்வதற்குக்கூட, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்க வேண்டும் என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பதின்மூன்று வயதில் இத்தனையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். புதிய பள்ளியில், பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

கிள்ளான் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருக்கும் எனக்கு இந்த எண்ணம் வகுப்பில் எப்போதும் கூடவே இருக்கிறது. சொல்லிக்கொடுக்க யாருமில்லாத இடத்தில் இந்தப் பிள்ளை என்ன செய்யும்? அந்த நாளுக்கான பழக்கத்தை நாங்கள்தான், இந்த ஆறு ஆண்டுகளுக்குள், கொடுத்தாக வேண்டும்.

நான்காம் ஆண்டுக் கணித வகுப்பில் அதிகம் கேட்கும் குரல், "டீச்சர், சரியா?" என்பதுதான். ஒரு கணக்கு முடிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்துவிடுவார்கள். 5003இலிருந்து 1678ஐக் கழிக்கிறான் ஒரு பையன். நடுவில் இரண்டு சுழியம். கடன் வாங்குவதில் தடுமாறி 3435 என்று எழுதியிருக்கிறான். தப்பு என்று நான் சொன்னால் அழித்துவிட்டு இன்னொரு விடையோடு வருவான். அதுவும் தப்பென்றால் மூன்றாவது. அதனால் நான் சரி என்றோ தப்பு என்றோ சொல்வதில்லை. "1678ஐத் திருப்பிக் கூட்டிப் பாரு, 5003 வருதா?" என்பேன். கூட்டினால் 5113 வருகிறது. அவன் முகம் மாறும். எங்கே கோட்டை விட்டோம் என்று தானே தேட ஆரம்பிப்பான். 3325 கிடைத்த பிறகு என்னிடம் வந்து கேட்க வேண்டிய தேவையே இல்லை. விடை சரிதானா என்று பார்க்கும் வேலை ஆசிரியருடையது என்று நினைக்கும் பிள்ளை, ஆசிரியர் இல்லாத வீட்டில் பென்சிலைக் கீழே வைத்துவிடும்.

காத்திருப்பதும் எங்கள் வேலைதான். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறைகளைக் கவனித்துச் சொன்ன ஒரு செய்தி உண்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். உடனே வேறு பிள்ளையைக் கேட்கிறார்கள், இல்லையென்றால் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மூன்று நொடி பொறுத்தபோது பிள்ளைகளின் விடைகள் நீண்டன, தெரியாது என்ற பதில் குறைந்தது, அவர்களே கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மூன்று நொடிதானே என்று தோன்றும். முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, பாடத்திட்டம் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்க, வாய் திறக்காமல் நிற்பது லேசுப்பட்ட காரியமில்லை.

பிள்ளையின் கையை எப்போது விடுவது என்பதற்கும் ஒரு முறை வேண்டும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீதிகளில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. பார்வையற்றவரைத் தனியே நடக்கப் பழக்கும் முறையைப் படித்தபோது நான் வியந்துபோனேன். முதலில் பயிற்றுநரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடை. பிறகு கோலோடு, பயிற்றுநர் பக்கத்தில். அப்புறம் அவர் பின்னால் போய்விடுகிறார், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். அந்த இடைவெளி நாளுக்கு நாள் கூடுகிறது. கடைசியில் ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டு, நீங்களே வழி கண்டுபிடித்து வாருங்கள் என்கிறார்கள். ஆபத்து என்றால் மட்டும் குறுக்கே வருவார்கள். எடுத்த எடுப்பில் யாரையும் நடுத்தெருவில் விடுவதில்லை. முழங்கையை என்றைக்கும் பிடித்திருக்க விடுவதுமில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, நம் பிள்ளைகள் பலர் எடுத்த எடுப்பில் விடப்பட்டார்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பயிற்சித்தாள் வரும். வீட்டில் இருப்பது ஒரே திறன்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இரவு எட்டு மணிக்குமேல் படம் பிடித்து அனுப்பிய வீட்டுப்பாடங்களைத் திருத்தியபோது, கையெழுத்திலேயே தெரிந்தது, எதைப் பிள்ளை எழுதியது, எதை அம்மா சொல்லச் சொல்ல எழுதியது என்று. அந்த அம்மாக்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற பயத்தில் செய்தார்கள்.

அதே பயம்தான் நம்மைப் பிரத்தியேக வகுப்புகளுக்கும் விரட்டுகிறது. நான் டியூஷனுக்கு எதிரி இல்லை. டாக்டர் தம்பிராஜா 1982இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையத்தால் பல்கலைக்கழகம் ஏறிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. எட்டாக் கல்வியை எட்டவைத்த இயக்கம் அது. ஆனால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளையை வாரத்தில் நான்கு மாலை அனுப்பி, பயிற்றிக்கு மேல் பயிற்றி போடவைத்தால், தனியாக ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டும் நேரம் அதற்கு எப்போது கிடைக்கும்? ஆறாம் ஆண்டில் எழுதவேண்டியிருந்த யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது. அதனால் கிடைத்த மூச்சுவிடும் இடத்தையும் பயிற்றிகளாலேயே நிரப்புவது எனக்குச் சம்மதமில்லை.

ஆறாம் ஆண்டில் நான் விடாமல் செய்யும் ஒன்று, காமுஸ் டேவான் என்ற மலாய் அகராதியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பது. "மெனுலிஸ்" (எழுதுதல்) என்ற சொல்லை எம் எழுத்தில் தேடினால் பொருள் கிடைக்காது. "துலிஸ்" என்ற வேர்ச்சொல்லின் கீழ் இருக்கும். முதல் வாரம் எரிச்சல் படுவார்கள். பழகிவிட்டால், படிவம் ஒன்றில் எந்தப் பாடநூலையும் பயமில்லாமல் திறக்கலாம்.

அறிவியல் ஆய்வுக்கு ஒரு மாணவி தானே எடுத்துக்கொண்ட கேள்வி, எந்தத் துணி சீக்கிரம் காயும் என்பது. வேட்டித் துணி, ஜீன்ஸ் துணி, பள்ளிச் சீருடைத் துணி, மூன்றையும் ஒரே அளவில் வெட்டி, ஒரே அளவு தண்ணீரில் நனைத்து, அடுக்குமாடி வீட்டு மாடத்தில் கட்டினாள். மாலையில் வழக்கம்போல் மழை. அவள் அம்மா துணிகளை உள்ளே எடுத்து மின்விசிறிக்குக் கீழே போட்டுவிட்டார். எல்லாம் காய்ந்தும்விட்டது, நேரமும் குறித்தாயிற்று. மறுநாள் அவள் என்னிடம் வந்து, "டீச்சர், இது செல்லாது. பாதி வெளியில காஞ்சுது, பாதி ஃபேன்ல காஞ்சுது. முதல்லேர்ந்து செய்யறேன்," என்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்வதை அவள் மாடத்தில் கண்டுபிடித்திருந்தாள். இரண்டாவது முறை செய்ததில் ஜீன்ஸ்தான் கடைசியாகக் காய்ந்தது. அது எல்லாருக்கும் தெரிந்த விடை. அவள் அதைத் தன் அட்டவணையிலிருந்து சொன்னாள்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டுப்பாடத்தில் பிள்ளை தப்பாக எழுதினால், ரப்பர் எடுத்து நீங்கள் அழிக்காதீர்கள். "எப்படிப் போட்டே, சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். சொல்லிக்கொண்டே வரும்போது பாதிப் பிள்ளைகள் தாங்களே நின்றுவிடுவார்கள். நிற்காவிட்டாலும் பரவாயில்லை. தப்போடே நோட்டு வகுப்புக்கு வரட்டும். வீட்டில் திருத்தி அனுப்பிய விடையைப் பார்த்தால், பிள்ளை எங்கே தடுக்கியது என்று எனக்குத் தெரியாது. அது தெரிந்தால், மறுநாள் காலை அங்கிருந்தே நாங்கள் இருவரும் தொடங்குவோம்.