வலீமா விருந்தில் யாருக்கு எந்த இடம்?





எமது வீடுகளில் ஒரு திருமணம் நிச்சயிக்கப்பட்டுவிட்டால் மண்டபம், அழைப்பிதழ், சாப்பாடு, உடை ஆகியவற்றைப் பற்றிப் பல வாரங்கள் பேசுகின்றோம். வருகின்ற விருந்தாளியை எங்கே, யாருடன் அமர்த்துவது என்பதை மாத்திரம் பெரும்பாலும் முன்கூட்டிச் சிந்திப்பதில்லை. அது வாசலில் நிற்கும் இளைஞர்களின் கையில் விடப்படுகின்றது. ஒரு காலத்தில் அவ்வாறு வாசலில் நின்றவன் என்ற வகையில், இன்று இவ்விடயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எனது மூத்த சகோதரரின் வலீமா. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. விருந்தாளிகளை அமர்த்தும் பொறுப்பை வாப்பா என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். உம்மாவின் வழியில் தூரத்து உறவான மாமா ஒருவர் நேரத்தோடு வந்து முன்வரிசைச் சஹன் ஒன்றில் அமர்ந்திருந்தார். சைக்கிளில் ஊர் ஊராகச் சென்று துணி விற்பவர் அவர். சற்று நேரத்தில் ஊரின் பெரிய வியாபாரி ஒருவர் தமது நண்பர்களுடன் வந்தார். நான் ஓடிச்சென்று, “மாமா, கொஞ்சம் எழும்புங்க, அடுத்த சஹனில் இருக்கலாம்” என்றேன். அவர் சிரித்த முகத்தோடு எழுந்து நின்றார். அடுத்த சஹன் வந்தபோது நான் அவரை மறந்துவிட்டேன்.

இரவு பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கையில் வாப்பா கேட்டார்கள்: “மாமா சாப்பிட்டாரா மகன்?” என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் காலை வாப்பா என்னை அழைத்துக்கொண்டு அவரது வீட்டுக்குச் சென்றார்கள். முதல்நாள் அவர் வீடு திரும்பி, எஞ்சியிருந்த பாணைத் தேநீரோடு சாப்பிட்டுவிட்டு உறங்கியதாக மாமி சொன்னார். மாமா எனது கையைப் பிடித்து, “வேலையில மறந்திருப்பீங்க மகன், பரவாயில்லை” என்றார். திரும்பி வரும் வழியில் வாப்பா ஒரு வார்த்தை மாத்திரமே பேசினார்கள்: “நானூறு பேர் சாப்பிட்டாங்க. எனக்கு அந்த ஒருத்தர்தான் ஞாபகத்துல இருப்பார்.”

அன்பார்ந்தவர்களே! ஒருவர் அமர்ந்திருந்த இடத்திலிருந்து அவரை எழுப்பிவிட்டு இன்னொருவர் அங்கே அமர்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இடம் விட்டு, நெருங்கி, விசாலமாக்கிக்கொள்ளுமாறே பணித்தார்கள். இதனை அறிவிக்கும் இப்னு உமர் (ரழி) அவர்கள், தமக்காக ஒருவர் தாமாகவே எழுந்து கொடுத்த இடத்திலும் அமர மாட்டார்கள். சபைகளில் இடமளிக்கும் ஒழுக்கத்தை அல்குர்ஆனும் 58ஆம் அத்தியாயத்தின் 11ஆம் வசனத்தில் போதிக்கின்றது. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற கருத்து, அபூஹுரைரா (ரழி) அவர்கள் வாயிலாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஏழையை அழைத்துவிட்டு, வந்த இடத்தில் அவரை நிற்க வைப்பது இதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை நாம் எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விருந்தாளிகளை ஒழுங்குபடுத்துவது புதிய நாகரிகம் என்று எவரும் எண்ண வேண்டாம். ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்களை நபியவர்கள் மணமுடித்த வேளையில், அனஸ் (ரழி) அவர்களின் தாயார் உம்மு ஸுலைம் (ரழி) ஒரு பாத்திரத்தில் உணவு அனுப்பினார்கள். ஏறத்தாழ முந்நூறு பேர் வந்தார்கள். திண்ணையும் அறையும் நிறைந்தன. பத்துப் பத்துப் பேராக வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு அருகிலுள்ளதை உண்ணுமாறு நபியவர்கள் பணித்தார்கள். ஒரு கூட்டம் எழ, மறு கூட்டம் அமர்ந்தது. இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உணவு ஒரு பாத்திரம், இடம் ஓர் அறை. ஆனாலும் எவரும் விடுபடவில்லை.

எமது நாட்டில் சஹன் ஒன்றுக்கு ஆறு பேர் அமர்கின்றோம். எனவே கணக்கு இலகுவானது. ஆண்கள் 240 பேர் எனில் 40 சஹன் தேவை. மண்டபத்தில் ஒரே நேரத்தில் 20 சஹன் மாத்திரமே வைக்கலாம் எனில், இரண்டு தடவை அமர்த்த வேண்டும். அவ்வாறாயின் எல்லோருக்கும் ஒரே நேரத்தைக் குறிப்பிட்டு அழைப்பது நியாயமாகுமா? ஒரு சாராரை லுஹருக்கு முன்பும் மறு சாராரைத் தொழுகைக்குப் பின்பும் அழைக்கலாம். அழைப்பிதழ் கொடுக்கும்போதே எத்தனை பேர் வருவர் என அன்பாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வருபவர்களுக்காக நான்கைந்து சஹன் மேலதிகமாக இருக்கட்டும்.

பின்னர் பட்டியலை மீண்டும் ஒருமுறை வாசியுங்கள். முழங்கால் வலியுள்ள முதியவர்களுக்குத் தரையில் அமர்வது சிரமம். அவர்களுக்கென வாசலுக்கும் கை கழுவும் இடத்துக்கும் அருகில் மேசை கதிரை போடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்குப் படியில்லாத வழி வேண்டும். தனியாக வரும் ஒருவரை, அறிமுகமற்ற ஐவர் அமர்ந்துள்ள சஹனில் ஆறாவது ஆளாகத் திணிக்காதீர்கள். அவரோடு பேசக்கூடிய ஒருவரை அருகில் அமர்த்துங்கள். ஒன்றாக அமர்ந்துள்ள இருவரை அவர்களின் அனுமதியின்றிப் பிரித்து நடுவே அமர்வதையும் எமது மார்க்கம் விரும்பவில்லை.

எமது அயலவர்களான பௌத்த, இந்து, கிறிஸ்தவ சகோதரர்களும் வருவார்கள். சஹனில் கூடி உண்பது அவர்களுள் பலருக்குப் பழக்கமில்லை. மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் மரக்கறி மாத்திரம் உண்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் தனித்தட்டும், தனியாகச் சமைத்த உணவும் ஆயத்தமாக இருக்கட்டும். ஆனால் அவர்களை ஒரு மூலையில் தனியே விட்டுவிடாதீர்கள். வீட்டவர் ஒருவர் அவர்களோடு அமர்ந்து உண்ணட்டும். 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக்குப் பின்னர் தனித்தட்டை விரும்பும் எம்மவர்களும் உள்ளனர். அவர்களைக் கேலி செய்ய வேண்டாம்.

பெண்கள் பகுதியை மறந்துவிடாதீர்கள். முன் மண்டபத்தில் ஐந்து பேர் நின்று கவனிக்கையில், உள்ளே கைக்குழந்தையோடு ஒரு தாய் இடம் தேடி நிற்பாள். அங்கும் இரண்டு பொறுப்பாளர்களை நியமியுங்கள். வேனில் காத்திருக்கும் சாரதி, சமையற்காரர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், பள்ளிவாசல் முஅத்தின் ஆகியோரின் பெயர்களும் பட்டியலில் இருக்க வேண்டும். பெயர் எழுதப்படாதவரே கடைசியில் மறக்கப்படுகின்றார்.

பிரமுகர்களை வரவேற்பது தவறன்று. அவர்கள் வருவார்கள் என்பது தெரிந்த விடயமே. அவர்களுக்குரிய இடத்தை முதலிலேயே வெறுமையாக வையுங்கள். அப்போது எவரையும் எழுப்பவேண்டிய தேவை உங்களுக்கு ஏற்படாது.

விருந்தாளிகளுக்கும் கடமை உண்டு. ஸைனப் (ரழி) அவர்களின் வலீமாவில் சிலர் உண்டு முடித்த பின்னரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அது நபியவர்களுக்குச் சிரமமாயிற்று. 33ஆம் அத்தியாயத்தின் 53ஆம் வசனம் அச்சந்தர்ப்பத்திலேயே இறங்கியது. வட்டிலப்பம் உண்டு முடித்தபின் அதே இடத்திலிருந்து கதைத்துக்கொண்டிருப்பவர், வெளியே பசியோடு நிற்கும் முதியவர் ஒருவரின் இடத்தைப் பிடித்துவைத்திருக்கின்றார். இருவருக்கு அழைப்பு இருக்க, ஐவரைச் சொல்லாமல் அழைத்து வருவதும் இத்தகையதே.

பெற்றார்களே! மண்டபத்துக்காகச் செலவிடும் தொகையில் ஒரு சதமும் இதற்குத் தேவையில்லை. ஒரு கொப்பியும் ஓர் இரவும் போதும். இளைஞர்களே! வாசலில் நிற்கும்போது வருபவரின் வாகனத்தைப் பார்க்காதீர்கள். அவரது முகத்தைப் பாருங்கள். “இருங்க, இதோ சஹன் வருது” என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், அவர் உண்ணும்வரை அது உங்கள் மீதுள்ள வாக்குறுதியாகும்.

அந்த மாமா இன்று உயிரோடு இல்லை. அல்லாஹ் அவரது மண்ணறையை விசாலமாக்குவானாக. அதன்பின் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒவ்வொரு திருமணத்திலும், முதல் சஹனில் யாரை அமர்த்துவது என்பதை வாப்பாவே எழுதித் தந்தார்கள். வாப்பாவின் காலத்துக்குப் பின் அதை நான் எழுதி வருகின்றேன். எமது விருந்துகளில் எவரும் பசியோடும் மனவருத்தத்தோடும் திரும்பாதிருக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.