அருகிருக்கும் பணி

(பங்கின் பொன்விழாவையொட்டிப் பக்த சபையினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக் காலத்தில் இனிய செய்திகளையே பேசுவது வழக்கம். கோபுரம் எழும்பிய கதையும் கெபி கட்டிய கதையும் இம்மலரில் பிறர் எழுதியுள்ளனர். நாமோ பலர் கேட்கக் கூசும் ஒன்றைப் பேச முன்வந்துள்ளோம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துணை நிற்கும் தொண்டர்கள் நம் பங்குக்குத் தேவை.

சாமுவேல் இரண்டாம் நூலின் 13-ஆம் அதிகாரம் நம் ஞாயிறு வாசகங்களில் வருவதில்லை. தாவீதின் மகள் தாமார், தந்தைவழிச் சகோதரன் அம்னோனால் வன்கொடுமைக்கு ஆளான வரலாறு அது. நோயாளி போல் படுத்திருந்தவனுக்கு உணவு சமைத்துக் கொடுக்கப் போனவள் அவள். அதற்குப்பின் வீட்டார் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். உடன்பிறந்த அப்சலோம் பேசாதிருக்கச் சொல்கிறான். தந்தை சினம் கொள்கிறார், அத்தோடு சரி. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பழிக்குப்பழியாகக் கொலையும் விழுகிறது. ஆனால் "மகளே, உனக்கு என்ன வேண்டும்?" என்று தாமாரிடம் கேட்டவர் அந்த அதிகாரத்தில் ஒருவருமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கே தொண்டர் வேண்டும் என்கிறோம்.

குடும்ப மானத்தைச் சொல்லி, "பேசி முடித்துவிடலாம் சாமி, அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்" என்று வருவோர் எந்தப் பங்கிலும் உண்டு. இந்த அறைவீட்டில் அத்தகைய பஞ்சாயத்துக்கு இடமில்லை. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறையாதவர் என்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, விஷயம் அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். மறைத்தால் 6 மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. ஆசிரியரும் உபதேசியாரும் பங்குக்குருவும் இதற்குள் அடங்குவர். வயது வந்த பெண்ணாயின், புகார் செய்வதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். மருத்துவமனைக்குச் சென்றால் அங்கிருந்து காவல்துறைக்குத் தகவல் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தொண்டரின் வேலை பெரும்பாலும் காத்திருத்தல்தான். அரசு மருத்துவமனை பெஞ்சில், காவல் நிலையத்தில், நீதிமன்றத் தாழ்வாரத்தில். முதல் 72 மணி நேரம் மிக முக்கியம், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை அதற்குள் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாகத் தரவேண்டும். முதல் தகவல் அறிக்கை இருந்தால்தான் பார்ப்போம் என்று சொல்லலாகாது. அப்போது அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள். குளித்துவிட்டார், துவைத்துவிட்டார் என்றால் அதற்காக அவரைக் கடிந்துகொள்ளாமல் அப்படியே அழைத்துப் போங்கள். கன்னித்தன்மை பார்க்கும் அந்த 'இரு விரல்' சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-லேயே கண்டித்தது. அதைச் செய்வது ஒழுங்கீனம் என்று 2022-இல் மீண்டும் உறுதியாகச் சொல்லிற்று. இதைத் தொண்டர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே பதிவு செய்யலாம். வரும் காவலர் சீருடையில் இருக்கக்கூடாது. நீதிமன்றத்தில் குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்கலாம். முறையான துணை நபரைக் குழந்தைகள் நலக் குழுவே நியமிக்கும். நாமாகப் பட்டம் சூட்டிக்கொள்ள முடியாது. வழக்கை இயன்றவரை ஓராண்டில் முடிக்கச் சட்டம் சொல்கிறது. வாய்தாக்கள் வேறு சொல்லும்! ஆகவே ஒரு வாரத்து ஆர்வம் போதாது.

நடந்ததை விவரமாகக் கேட்காதீர்கள். அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஏன் அங்கே போனாய்? ஏன் கத்தவில்லை?" என்ற கேள்விகள் வேண்டாம், அச்சத்தில் உடல் உறைந்து போவதும் உண்டு. சாட்சி சொல்லிக் கொடுக்கவும் கூடாது. சொல்லிக் கொடுத்த வார்த்தையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் பிடித்துக்கொள்வார். பேருந்துக் கட்டணம், சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுதல், ஒரு குவளை தேநீர் ஆகியவை அந்நாளில் பெரிய உதவிகள். "அவனை மன்னித்துவிடு" என்று அவசரப்பட்டுச் சொல்லும் பக்தர்களைக் கொஞ்சம் விலக்கியே வையுங்கள்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இதைக் கண்ணீரோடு சொல்ல வரும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இழைக்கப்பட்டது உங்கள் பாவமன்று. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அங்கே கேட்டதை நாம் வெளியே சொல்ல இயலாது. எனவே வெளியே வந்து, நம்பிக்கைக்குரிய ஒரு பெண்ணின் துணையோடு மீண்டும் சொல்லுங்கள். அப்போது கை கொடுக்க முடியும்.

குற்றஞ்சாட்டப்பட்டவர் குருவானவராயிருந்தால்? சிலர் இதைக் கேட்க எண்ணியும் வாய் திறக்கவில்லை என அறிவோம். அங்கி அணிந்தவருக்கும் இதே காவல் நிலையம், இதே நீதிமன்றம். திருச்சபைக்குள் நடந்ததை அறிந்த குருக்களும் துறவியரும் மேலிடத்துக்குத் தெரிவிப்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் கட்டாயமாக்கினார். அது நாட்டின் சட்டத்துக்கு மாற்றன்று. திருச்சபையின் பெயரைக் காப்பதாக எண்ணி எவரும் பிள்ளையின் வாயை அடைக்க வேண்டாம்.

பெயர் கொடுக்க விரும்புவோர் திருப்பலிக்குப்பின் பெண்கள் பணிக்குழுப் பொறுப்பாளரைப் பார்க்கலாம். பயிற்சியின்றி எவரும் அனுப்பப்படமாட்டார். சிறுவர்களும் இக்கொடுமைக்கு ஆளாகிறார்கள். ஆகவே ஆண்களும் பெயர் கொடுக்கலாம். எவரும் குழந்தையைத் தனியாகச் சந்திக்கக் கூடாது; அவ்விதி நமக்கும் சேர்த்தே. தொண்டர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படமாட்டா, அடுத்த விழா மலரிலும் வரமாட்டா. அவசரத்துக்கு, குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. இவ்விரு எண்களைக் கோயில் வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறோம்.