தேர் யாருடையது?



பச்சைமலைக் காற்றையும் காவிரி நீரையும் பத்தாண்டுகளாகப் பாடிவந்த இவ்வவையில், நான் பொருளியல் பேச வந்திருக்கிறேன். பொருளாதார மந்தநிலையில் நொடித்துப்போகும் நிறுவனங்களை அரசு தாங்கிப்பிடிக்க வேண்டுமா? இதுவே என் வினா. பாட்டுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். கொடையைப் பாடிய மரபு நம்முடையது. ஆதலால் யாருக்கு, எதைக் கொடுப்பது என்பது நமக்கும் உரிய வினாவே.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. அவன் ஈந்தது தன் தேர். அரசு ஈவதோ ஊர்த்தேர்; ஆயிரம் கைகள் வடம்பிடிக்கும் தேர். அதை எடுத்துக் கொடுக்குமுன், கொழுகொம்பின்றித் தவிப்பது கொடியா, தன் பேராசையால் சாய்ந்த மரமா என்று பார்க்க வேண்டாமா?

1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு கரைந்தது, தாங்கிப்பிடிப்பார் இல்லை. அந்தத் துயரிலிருந்துதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. வீழ்ச்சி சில வேளை விதையும் ஆகும் என்பது உண்மையே. ஆனால் சேமிப்பை இழந்த முதியவருக்கு அந்த விதை சோறு போடவில்லை.

இனி நம் அண்டையிலுள்ள கரூருக்கு வருவோம். 1926-இல் அங்கே தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் முடக்கத்திற்கு உள்ளாயிற்று. கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலாத நிலை. பத்தே நாளில் அவ்வங்கி சிங்கப்பூரின் டிபிஎஸ் குழுமத்து இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்பாளர் பணம் காப்பாற்றப்பட்டது. ஊழியர் பணி தொடர்ந்தது. பங்குகளின் மதிப்போ சுழியாயிற்று. பெருமுதலாளியோடு, ஓய்வுப் பணத்தைப் பங்கில் இட்ட எளியவரும் இழந்தனர். அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கியை ஸ்டேட் வங்கி முன்னின்று தாங்கியபோது, பங்குதாரர் கையில் பங்காவது எஞ்சியது. பெரியதற்கு ஒரு நீதி, சிறியதற்கு ஒரு நீதியா என்று கரூர் மக்கள் கேட்டால், அதில் பிழை காண என்னால் இயலவில்லை.

அமெரிக்க அரசு 2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைப் பங்கு பெற்றுக்கொண்டு காத்தது. 2013-இல் பங்குகளை விற்று முடித்தபோது ஆயிரம் கோடி டாலருக்கு மேல் இழப்பு. எனினும் ஆலைகள் நின்றன. தொழிலாளர் குடும்பங்கள் பிழைத்தன. அதையும் மறுப்பதற்கில்லை.

நம் திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைகளை எண்ணிப் பாருங்கள். பாரத மிகுமின் ஆலையை நம்பி எழுந்தவை அவை. அனல்மின் நிலையங்களுக்கான பணிகள் குறைந்தபோது வாடின. 2020-இல் நடுவண் அரசு 3 இலட்சம் கோடி ரூபாய்க் கடனுக்கு உத்தரவாதம் அறிவித்தது. நல்லதே. ஆயினும் கடன் வேறு, வேலை வேறு. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. செய்த வேலைக்கு உரிய காலத்தில் கூலி தருவதே முதல் மீட்பு. அதற்குக் கொடை என்று பெயரிடவும் வேண்டியதில்லை.

வறட்சியில் வாடிய பயிருக்கு உழவன் நீர் பாய்ச்சுவான். வேர் அழுகிய பயிருக்குப் பாய்ச்சமாட்டான். அரசும் அவ்வாறே செய்க. நிறுவனத்தை நடத்தி ஆதாயம் கண்டவர் முதலில் இழக்கட்டும். உழைத்தவரின் கூலியும் சேமித்தவரின் பணமும் முதலில் காக்கப்படட்டும். பொதுப்பணம் புகும் இடத்தில் பொதுமக்களுக்கும் பங்கு இருக்கட்டும்.

தேரைக் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடம்பிடித்தவர்களைக் கேட்டுக் கொடுங்கள் என்கிறேன்.