தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளும் கலைஞர்

(வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



ஹிப் ஹாப் பாடகராக வர விரும்பும் இளைஞர் தம்மை உலகுக்கு எவ்வாறு அறிமுகம் செய்துகொள்வது என்பது எனக்குத் தரப்பட்டுள்ள பொருள். வரலாறு கற்பிக்கும் தலைமை ஆசிரியருக்கு இது எதற்கு என்று முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். இளைஞர் குழுவினர் விரும்பிக் கேட்ட பொருள் இது. தவிரவும், இதுவும் வரலாறே.

தன்னைத் தானே புகழ்வது பண்பன்று என்பது பெற்றோர் பலர் கூறும் ஆட்சேபம். நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நான்கு இடங்களில் தற்புகழ்ச்சிக்கு இசைவு தந்துள்ளார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், எதிரி தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். இருவர் எதிரெதிர் நின்று பாட்டால் மோதும் ஹிப் ஹாப் போட்டி பின்னிரண்டு இடங்களில் அடங்கிவிடுகிறது. இன்று நாம் பேசும் விளம்பரம் இரண்டாவது இடம். ஆகவே இலக்கணம் உங்கள் பிள்ளைகளின் பக்கமே நிற்கிறது.

இதைவிட ஆழமான காரணமும் உண்டு. நம் முன்னோர் பறை கொட்டினர். அவர்கள் தம் கலையை அறிவித்துக்கொண்டவர்கள் அல்லர். ஆள் விட்டு அழைக்கப்பட்டவர்கள். எந்த வீட்டு வாசலில் எந்த நாளில் கொட்டுவது என்பதைப் பிறர் முடிவு செய்தனர். கூலியையும் பிறரே அளந்தனர். கொட்டியவரின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. தன் பெயரைத் தானே எழுதி, இடத்தையும் நேரத்தையும் தானே குறித்து, கட்டணத்தையும் தானே விதிக்கும் உரிமை அவர்களுக்கு வாய்க்கவில்லை. இளைஞர்கள் விளம்பரம் என்று சொல்லும்போது எனக்கு இந்த உரிமையே நினைவுக்கு வருகிறது.

இனி நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதிக்கு வருவோம். ஊரைப் பிளந்து விரைவுச்சாலை போடப்பட்டதால் வீடிழந்தோரும், தீயில் எரிந்த குடியிருப்புகளும் மிகுந்திருந்த வட்டாரம் அது. அங்கே செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கேம்பல் குடும்பத்தினர் வாழ்ந்தனர். மகள் சின்டிக்குப் பள்ளி திறக்கும்போது புதிய உடை வாங்கப் பணம் தேவைப்பட்டது. கட்டடத்தின் பொது அறையை வாடகைக்கு எடுத்து, அழைப்பு அட்டைகளைக் கையால் எழுதி, 1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள் ஒரு விருந்து நடத்தினார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டுகளை இயக்கியவர் அவருடைய அண்ணன் கிளைவ், வயது 18. கூல் ஹெர்க் என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, ஒரே பாடலின் இரு தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டிக்கும் முறையை வளர்த்தவர் அவரே. ஹிப் ஹாப் பிறந்த நாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த விருந்து நாளே. அக்கலையின் முதல் விளம்பரதாரர் பள்ளி செல்லும் பெண் ஒருவர் என்பதை இங்குள்ள மாணவியர் கவனிக்க வேண்டும்.

அடுத்து வந்தவர்களும் பெரிய நிறுவனங்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. பட்டி எஸ்கொயர் என்ற ஓவியர் கையால் எழுத்து வரைந்து நிகழ்ச்சிகளுக்குத் துண்டுப் பிரசுரங்கள் செய்தார். யார் பாடுகிறார், எங்கே, எப்போது, கட்டணம் எவ்வளவு என்பவை அவற்றில் தெளிவாக இருந்தன. எந்த ரயிலில் வந்து எங்கே இறங்குவது என்பதும் இருக்கும். நம்மவர் ஒட்டும் சுவரொட்டிகளில் இருபது முகங்கள் இருக்கின்றன, இடம் இருப்பதில்லை! அந்தப் பிரசுரங்கள் இன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆவணத் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் டூ ஷார்ட் என்ற இளைஞர், 1980-களின் தொடக்கத்தில், கேட்பவரின் பெயரையே பாட்டில் அமைத்து ஒலிநாடாவில் பதிந்து விற்றார். தன் பெயர் ஒலிக்கும் நாடாவை வாங்கியவர் நண்பர்களுக்குப் போட்டுக் காட்டாமல் இருப்பாரா? விளம்பரச் செலவே இன்றி விளம்பரம் நடந்தது.

2013-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் நிப்சி ஹசில் தம் பாடல் தொகுப்பை இணையத்தில் இலவசமாகத் தந்தார். அதே தொகுப்பை 1,000 குறுந்தகடுகளாக அச்சிட்டு, ஒன்று 100 டாலர் என்று விலை வைத்தார். இலவசமாகக் கிடைப்பதை 100 டாலருக்கு யார் வாங்குவர் என்று கேட்டோர் உண்டு. அவை விற்றன. புகழ்பெற்ற ஜே-ஸீ தாமே 100 பிரதிகள் வாங்கினார். அதற்குள் தம் தெருவிலே பல ஆண்டுகள் உழைத்து, தம்மை நம்பும் கூட்டத்தை அவர் ஈட்டியிருந்தார். 2019-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டது பெருந்துயரம்.

நம் பகுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இளைஞர் ஒருவர், சுமை தூக்கும் தந்தையிடம் 15,000 ரூபாய் பெற்று, பாடலைப் பரப்பித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்தார். இரண்டே நாளில் 40,000 பேர் பார்த்ததாகக் கணக்குக் காட்டியது. பாட்டின் கீழே ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. மூன்றாம் வாரத்தில் கணக்கும் சரிந்தது. பொய்யாகக் கூட்டிய எண்ணிக்கையைக் கண்டறிந்து நீக்கும் வழியை இந்நிறுவனங்கள் வைத்துள்ளன. ஸ்பாடிஃபை நிறுவனம் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்குத் தொகை தருவதில்லை. அந்த ஆயிரம் செவிகளை நம் தெருவிலும், கல்லூரி விழாவிலும், அம்பேத்கர் பிறந்தநாள் மேடையிலும் தேடுவது மலிவானது. அங்கே பாடினால் குறை சொல்லவும் ஆள் இருப்பர். அது கூடுதல் இலாபம்.

அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு 2018 முதல் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் பாடினார். 2019-இல் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' உலகெங்கும் ஒலித்தது; அதன் பாடலாசிரியரும் பாடகர்களில் ஒருவரும் அவரே. அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவர் படம் இல்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை இணையத்தில் வந்தது. கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டுக்கே இந்நிலை. ஆகவே பாட்டை வெளியிடும் அன்றே எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை எழுத்தில் பதியுங்கள். தாளம் போட்டுத் தந்த நண்பரின் பெயரையும் விடாதீர்கள். நமக்கு நேர்ந்ததை நாமே பிறருக்குச் செய்தலாகாது.

ஒப்பந்தம் வந்தால் சட்டத்தைப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளே. 2012-இல் செய்த திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாடலின் ஆசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகைப் பங்கை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, தொகையைத் திரட்டித் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோதான் தரலாம். 'என்றென்றைக்கும், உலகம் முழுவதற்கும்' என்ற சொற்களைக் கண்டால் பேனாவை மூடி வையுங்கள்.

அத்தகைய தாள் எவரிடமேனும் இருந்தால், கையெழுத்திடுவதற்கு முன் ஞாயிறு காலையில் சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நானும், வழக்கறிஞராக உள்ள நம் பழைய மாணவர் ஒருவரும் இருப்போம். ஆங்கிலத்தில் உள்ளதை வரிவரியாகத் தமிழில் வாசித்துச் சொல்கிறோம். பெற்றோரையும் உடன் அழைத்து வரலாம்.