கிராஸ் ஓவர் பெட்டியைத் திறந்தால்

கிராஸ் ஓவர் பெட்டியின் வேலை பாகப்பிரிவினை. மிக்சரிலிருந்து வரும் ஒலியைப் பாஸ், மிட், ஹை என்று பிரித்து, ஒவ்வொரு பங்கையும் அதற்குரிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. தவில் வாசிப்பைக் கேட்டால் இது எளிதில் விளங்கும். கழியால் அடிக்கும் தொப்பியின் முழக்கம் 18 அங்குல ஸ்பீக்கருக்குப் போகும். கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் எழுப்பும் சுளீர் ஒலி ஹார்னுக்குப் போகும். இரண்டும் ஒரே வாத்தியத்தின் ஒலியாகக் கேட்கவேண்டும். பிரித்த இடம் காதில் பட்டால் பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. தாராவித் தெருவில் பொங்கல் மேடை போடுகிறவருக்கும், மாட்டுங்காவை ஒட்டி 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகளோடு நிற்கும் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி கேட்கிறவருக்கும் இந்தக் கணக்கு பொது.

பழைய பெட்டியைத் திறந்து உள்சுற்றை மாற்றுவது சவுண்ட் சர்வீஸ் தொழிலோடு கூடவே வளர்ந்த கைவேலை. மும்பையில் அதற்கு வேண்டிய ஐ.சி., கண்டன்சர், ரெசிஸ்டர் எல்லாம் கிராண்ட் ரோடு நிலையத்துக்குப் பக்கத்தில், லாமிங்டன் ரோட்டுக் கடைகளில் கிடைக்கின்றன. பொருள் எளிதில் கிடைப்பதாலேயே தேவையில்லாத மாற்றங்களும் நிறைய நடக்கின்றன.

அவற்றில் முதலிடம் ஐ.சி. மாற்றுவதற்கு. டி.எல்.072-ஐக் கழற்றிவிட்டு என்.ஈ.5532-ஐப் பொருத்துவது வழக்கம். இரண்டுக்கும் எட்டுக் கால்கள், ஒரே அடுக்கு. மாற்ற ஐந்து நிமிடம் போதும். உள் இரைச்சல் முதலாவதில் சுமார் 18 நானோவோல்ட் என்றால் இரண்டாவதில் 5தான். காகிதத்தில் பெரிய வித்தியாசம். ஜெனரேட்டர் உறுமும் தெருவில் அது யாருக்கும் கேட்காது; அமைதியான சிறு அரங்கில், அதுவும் ஹார்னுக்கு அருகில் உட்கார்ந்தவருக்குக் கேட்கலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. டி.எல்.072 சுமார் 2.8 மில்லி ஆம்பியர் இழுக்கும் இடத்தில் 5532 சுமார் 8 மில்லி ஆம்பியர் இழுக்கும். பெட்டியில் இப்படி 12 ஐ.சி. இருந்தால், 34-ல் இருந்த சுமை 96-ஐத் தொடும். பவர் சப்ளையின் ரெகுலேட்டர் அதற்கேற்பச் சுடும். ஐ.சி.யின் பவர் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சர் வைக்காமல் விட்டால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஐ.சி. தானாகவே ஊளையிடத் தொடங்கலாம். வெளியே ஒன்றும் கேட்காது. ஹார்ன் மட்டும் காரணம் தெரியாமல் சூடாகும்.

உண்மையான பலன் கவர்ச்சியில்லாத வேலையில் கிடைக்கிறது. பவர் சப்ளையின் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர் வெப்பத்தில் உலர்ந்துபோகும். ஒவ்வொரு 10 டிகிரி ஏற்றத்துக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. உலர்ந்தபின் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரட்டித்து 100 ஹெர்ட்ஸ் ஹம்மாக பாஸில் வந்து உட்காரும். மும்பையின் கடற்காற்றும் நான்கு மாத மழையும் ஐ.சி. சாக்கெட்டுகளையும் வால்யூம் கண்ட்ரோல்களையும் அரிக்கின்றன. இவற்றை மாற்றிச் சுத்தம் செய்த பெட்டி, விலையுயர்ந்த ஐ.சி. போட்ட அழுக்குப் பெட்டியைவிட நன்றாகவே பாடும்.

பிரிக்கும் இடத்தையே மாற்றுவதுதான் கலை என்று சொல்லத் தகுந்த பகுதி. ஸ்பீக்கரும் ஹார்னும் புதிதாக வரும்போது பழைய வெட்டு பொருந்தாமல் போகலாம். எளிய சுற்றில் வெட்டும் அதிர்வெண்ணை ரெசிஸ்டரும் கண்டன்சரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 10 கிலோ ஓம், 10 நானோஃபாரட் என்றால் 1,592 ஹெர்ட்ஸ். ரெசிஸ்டரை 16 கிலோ ஓம் ஆக்கினால் 995-க்கு இறங்கும். கண்டன்சரில் 10 சதவீதப் பிழை இருந்தாலே 1,592 என்று எண்ணியது 1,447-லிருந்து 1,769 வரை எங்கும் நிற்கலாம். தேர்ந்த கை பத்து வாங்கி, அளந்து, ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்கும்.

மேடைப் பெட்டிகளில் பெருவழக்கான சுற்று, 1976-ல் வெளியான லிங்க்விட்ஸ் கட்டுரையிலிருந்து வந்தது; லிங்க்விட்ஸ்–ரைலி என்று இருவர் பெயரிலும் வழங்குகிறது. ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் சரிவு. வெட்டும் புள்ளியில் பாஸும் ஹையும் தலா 6 டெசிபல் குறைந்து, அதாவது அழுத்தம் பாதிப்பாதியாக நின்று, ஒரே சீராக ஏறி இறங்குவதால் கூட்டினால் முழுமையாகிவிடும். இந்தக் கணக்கு நிற்க வேண்டுமென்றால் எல்லா ரெசிஸ்டரும் ஒரே விகிதத்தில் மாறவேண்டும். இருவழி ஸ்டீரியோ பெட்டியில் அப்படிப்பட்டவை 16 இருக்கலாம். 12-ஐ மாற்றிவிட்டு மீதியை மறந்தால், வெட்டும் இடத்தில் தவிலின் ஒலி மேடுபள்ளமாகிவிடும்.

வெட்டை எவ்வளவு இறக்கலாம் என்பதை ஹார்ன்தான் சொல்லவேண்டும். அதே சத்தத்துக்கு அதிர்வெண்ணைப் பாதியாக்கினால், உள்ளே இருக்கும் மெல்லிய தகடு இன்னும் வெகுதூரம் ஆடவேண்டும். குரல் கனமாகக் கேட்கட்டும் என்று ஆசைப்பட்டு இறக்கியவர்கள் கிழிந்த தகட்டைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள். சுவிட்ச் போடும்போது எழும் 'டப்' சத்தமும் ஹார்னைக் கொல்லும். ஹார்னுக்கு முன்னால் தொடராக ஒரு பாதுகாப்புக் கண்டன்சர் வைப்பது அதனால்தான்.

வேலை முடிந்ததும் சோதனைக்குக் காதை மட்டும் நம்புவது சரியல்ல. உழைத்த காது உழைப்புக்குத் தக்க மேன்மையைக் கேட்டுக்கொள்ளும். எளிய வழி ஒன்று உண்டு. வெட்டும் அதிர்வெண்ணில் ஒரே சுருதியை ஓடவிட்டு, ஹார்னின் இரு வயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்து, எதிரே நின்று கேட்கவேண்டும். ஒலி சட்டென்று குழிவிழுந்தால் சுற்று சரி. வயரைத் திருப்பியும் பெரிதாக ஒன்றும் மாறாவிட்டால் எங்கோ பிசகு; ஸ்பீக்கரும் ஹார்னும் முன்பின்னாக நிற்பதும் காரணமாகலாம். வயரைப் பழையபடி திருப்பிக் கொடுக்க மறக்கக்கூடாது. சாதாரண மல்டிமீட்டர் இந்த வேலைக்கு உதவாது; அவற்றில் பல, சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் தவறாகவே காட்டும்.

இன்றைய டிஜிட்டல் பெட்டிகளில் இந்த 16 ரெசிஸ்டர்களின் வேலையை ஒரு குமிழ் முடித்துவிடுகிறது. ஆனாலும் பழையவை இன்னும் வாடகைக்கு ஓடுகின்றன. வெட்டை மாற்றியவற்றில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும்: முகப்பில் அச்சடித்த எண்கள் இப்போது பொய். குமிழைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை ஒட்டி, புது அதிர்வெண்ணை எழுதி, பழைய ரெசிஸ்டர்களை ஒரு பொட்டலத்தில் போட்டு மூடிக்கு உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்து திறக்கிறவருக்கு எல்லாம் விளங்கும்.