முதலிற் சோறா, முதலில் உரிமையா?



“முதலிற் சோறு; உரிமை பிறகு” என்னும் வாதத்தை நாம் பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். வறிய நாட்டுக்கு ஜனநாயகம் ஒவ்வாது, செல்வம் பெருகினால் அது தானே வந்து சேரும் என்பது அதன் சாரம். நம் மண்ணுக்கும் இது புதியதன்று. 1928இல் டொனமூர் ஆணைக்குழு கல்வியும் சொத்தும் பாராது வாக்குரிமை வழங்குமாறு சிபார்சு செய்தபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியார் அதனை எதிர்த்தனர். 1931இல் வாக்குரிமை வந்தது. அன்று இத்தீவு செல்வங் கொழித்த நாடன்று.

இவ்வாதத்துக்குப் புள்ளிவிபரத் துணை கிடைத்தது 1959இல். அமெரிக்க அறிஞர் சீமோர் மார்ட்டின் லிப்செற், செல்வமும் கைத்தொழிலும் கல்வியும் மிக்க நாடுகளிலேயே ஜனநாயகம் நிலைபெற்றிருத்தலைக் கணக்கிட்டுக் காட்டினார். அவர் காட்டிய தொடர்பு மெய்யே. அதிலிருந்து அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னவர் பிறர். ஆனால் அது பல நாடுகளை அருகருகே நிறுத்திப் பார்த்த பார்வை.

இங்கே கமக்காரர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களையே கேட்கிறேன். செம்பாட்டு மண்ணில் ஒருவர் வெங்காயம் நட்டுப் பசளையைத் தாராளமாக இட்டார். நல்ல விளைச்சல் கண்டார். உவர் நிலத்தில் மற்றொருவர் பசளையைக் குறைத்து இட்டார்; விளைச்சல் இல்லை. விளைவித்தது பசளையா, மண்ணா, கிணற்று நன்னீரா? இரு தோட்டங்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்த்து இதற்கு விடை காண இயலாது. அனுபவசாலி ஒரே தோட்டத்தைப் பல போகங்கள் பார்ப்பார். பசளை கூடிய போகத்தில் அதே தோட்டத்தின் விளைச்சல் கூடியதா என்பார். மண்ணும் கிணறும் மாறாமையால் அவற்றின் பங்கு கணக்கிலிருந்து கழிந்துபோகும். எல்லாத் தோட்டங்களையும் ஒருங்கே வாட்டிய வறட்சி ஆண்டாயின், அவ்வாண்டின் பொதுக் குறைவையும் கழித்துவிடுவார்.

ஒரே நாடுகளைப் பல்லாண்டு திரும்பத் திரும்ப அளந்து தொகுத்த இத்தகைய கணக்கைப் பனல் தரவு என்பர். ஒவ்வொரு நாட்டையும் அதன் சொந்தச் சராசரியோடு ஒப்பிடும் வழிக்கு நிலைத்த விளைவு முறை என்று பெயர். இம்முறையை 2008இல் லிப்செற்றின் வினாமீது ஏவினர் அசெமோக்லு, ஜோன்சன், றொபின்சன், யாரெட் என்னும் நால்வர். விளைவு வியப்பானது. நாடுகளை அருகருகே வைத்தபோது தெளிவாகத் தெரிந்த தொடர்பு, ஒரு நாட்டை அதன் பழைய நிலையோடு ஒப்பிட்டபோது மறைந்தது. தலைவீத வருமானம் கூடிய நாடு அதனாலேயே ஜனநாயகத்தை நோக்கி நகர்ந்ததென்று காட்ட முடியவில்லை. செல்வத்தையும் மக்களாட்சியையும் சேர்த்தே வளர்த்த நெடுங்கால வரலாறு, மண்ணைப்போல, அடியிற் கிடந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு.

இதனைக் கேட்டு உடனே கைதட்டிவிடாதீர்கள். இம்முறை மாற்றத்திலிருந்து மட்டுமே பாடம் கற்கும். கணக்கெடுத்த காலமெல்லாம் ஜனநாயகமாகவே இருந்த சுவிற்சர்லாந்து போன்ற நாடு, செல்வம் ஜனநாயகத்தைத் தந்ததா என்பதற்கு ஏறக்குறையச் சாட்சியே சொல்லாது. நூறாண்டிற் பலிக்கும் காரணத்தை நாற்பது ஆண்டுக் கணக்குத் தவறவிடக்கூடும். முந்திய நிலையையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொண்டால், காலம் குறுகிய தரவில் மதிப்பீடு ஒருபக்கம் சாயும் என்பதை 1981இல் நிக்கெல் நிறுவினார். 2012இல் வேறொரு மதிப்பீட்டு முறையைக் கையாண்ட ஆய்வாளர், மறைந்த தொடர்பைத் திரும்பக் கண்டனர். வழக்கு இன்னும் முடியவில்லை.

சட்டத்தரணிகளுக்கு விளங்கும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இருபது நாடுகளை முப்பது ஆண்டுகள் அளந்தால் ஏட்டில் அறுநூறு வரிகள் இருக்கும். ஒரே சாட்சியை முப்பது நாள் கூண்டில் ஏற்றினால் முப்பது சாட்சிகள் ஆகிவிடுவாரா? ஆனால் அவ்வாறு எண்ணி, ஐயத்துக்கு இடமேயில்லை என்று முழங்கிய ஆய்வுகள் பல. இத்தகைய தரவுக்கு அந்நாளில் வழங்கிய ஒரு மதிப்பீட்டு முறையின் உறுதி எவ்வளவு பொய்யாகப் பெருத்திருந்ததென்பதை 1995இல் பெக், காற்ஸ் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். படித்தவர்களும் இத்தவறிற் சறுக்குவது பரிதாபமே.

ஷெவோர்ஸ்கியும் அவர் துணைவர்களும் 2000இல் வெளியிட்ட நூல் வினாவையே இரண்டாகப் பிளந்தது. 1950 முதல் 1990 வரையான கணக்கில், செல்வம் பெருகியதால் சர்வாதிகாரம் ஜனநாயகமாக மாறவில்லை. ஆயினும் எவ்வழியிலோ பிறந்துவிட்ட ஜனநாயகம் செல்வமுள்ள நாட்டில் எளிதில் மடியவில்லை. வறிய நாட்டிலோ அது அடிக்கடி மடிந்தது. சோறு உரிமையைப் பெற்றுத் தராவிடினும், பெற்ற உரிமையைக் காக்க உதவக்கூடும் என்று அவர்கள் கணக்குச் சொல்லுகிறது. 1950இல் வறுமையோடு குடியரசான இந்தியாவையும், செல்வம் பெருகியும் ஒரே கட்சியின் ஆட்சி நீடிக்கும் சிங்கப்பூரையும் இங்கே நினைத்துப் பாருங்கள். இரண்டும் இரண்டே நாடுகள்தாம். அவற்றைக்கொண்டு விதி வகுக்க நான் துணியேன்.

வினாவைத் திருப்பிப் போட்டோரும் உளர். உரிமை வந்தால் சோறு பெருகுமா? முன்சொன்ன நால்வரில் அசெமோக்லு, றொபின்சன் இருவரும் வேறிருவருடன் கூடி, 1960 முதல் 2010 வரை 175 நாடுகளை ஆராய்ந்து 2019இல் விடை வெளியிட்டனர். ஜனநாயகத்துக்கு மாறிய நாட்டின் தலைவீத வருமானம் 25 ஆண்டுகளில், மாறாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதிலும் ஏறத்தாழ 20 வீதம் கூடுகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. மாற்றத்துக்கு முன்னரே அந்நாடுகளின் பொருளாதாரம் சரிந்திருந்தமையையும் கணக்கிற் சேர்த்தே அவர்கள் இம்முடிவுக்கு வந்தனர். அச்சரிவை விட்டுவிட்டால் மதிப்பீடு பிழைபடும்.